காதில் தொடங்கிய பூனை

ஏட்டி, நேற்று அடுப்படியில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போனேன். கோபம் என்று உன் அம்மா நினைத்தாள். கோபம்தான். ஆனால் கோபத்தில் நான் பேசினால் உனக்கு என் சத்தம்தான் கேட்கும், சொன்னது கேட்காது. பத்து வருடத்தில் அந்த அளவுக்காவது உன்னைத் தெரிந்துவைத்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். யார் பெயரையும் இதில் போடவில்லை. நீ படித்த பிறகு ஊரே படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. படிக்கிற யாருக்காவது இது தங்கள் வீட்டுக் கதை மாதிரித் தெரிந்தால் அதற்கு நான் பொறுப்பு இல்லை.

உன் கேள்வி இதுதான்: "சித்தப்பா, காதை மட்டும் வெட்டிட்டு நீளமா ரெண்டு காது தச்சுட்டா முயலாயிரும்லா?" ஒரு கையில் நீ பின்னிய பூனை, இன்னொரு கையில் கத்தரிக்கோல். பூனை தன் இரண்டு கைகளாலும் நூலில் பின்னிய ஒரு முந்திரிக்கொத்துப் பலகாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இது மாப்பிள்ளையின் யோசனை என்றும் சொன்னாய். போனில் சொன்னானாம். முயல் என்றால் அவன் அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லையாம், கல்யாண மண்டபத்து வாசல் மேசையிலேயே வைத்துவிடலாமாம், நீ சொன்ன பேச்சைக் கேட்கிற மருமகள் என்று பெயரும் வந்துவிடுமாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இப்படி ஒரு மூளையைப் படிக்கவைத்து, வேலைக்கு எடுத்து, சம்பளமும் கொடுக்கிறார்கள்.

பின்னல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் மட்டும்தான் விவாதத்துக்கு இடம் இல்லை. அந்தப் பூனைக்குக் காது தனியாகத் தைத்தது கிடையாது. காதில்தான் பூனையே தொடங்குகிறது. ஒரு காதின் நுனியில் நூலை வளையமாக்கி இறுக்கி, சுற்றுச் சுற்றாகக் கண்ணி கூட்டி ஒரு கூம்பு செய்கிறாய். அதேபோல் இன்னொரு கூம்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே சுற்றாக இணைத்தால் தலையின் உச்சி வருகிறது. அப்படியே கீழே இறங்கினால் முகம், கண்ணி குறைத்தால் கழுத்து, மறுபடி கூட்டினால் வயிறு, கடைசியில் பஞ்சை அடைத்து உட்காருகிற இடத்தில் மூடுகிறாய். கைகளும் முந்திரிக்கொத்தும் மட்டும்தான் பிறகு வைத்துத் தைத்தவை. குரோஷாப் பின்னலை முடித்த இடத்திலிருந்துதான் பிரிக்க முடியும், தொடங்கிய இடத்திலிருந்து பிரிக்க முடியாது. இது எனக்குத் தெரிவதைவிட உனக்கு நன்றாகத் தெரியும். காதை மாற்றவேண்டும் என்றால் வயிற்றைப் பிரித்து, கழுத்தைப் பிரித்து, முகத்தைப் பிரித்து, கடைசியாகத்தான் காதுக்குப் போய்ச் சேருவாய். அப்போது உன் கையில் பூனையும் இருக்காது, முயலும் இருக்காது. ஒரு உண்டை சுருண்டுபோன உல்லன் நூல் இருக்கும். கத்தரிக்கோலால் வெட்டினாலோ தலையில் இரண்டு ஓட்டை, உள்ளேயிருந்து பஞ்சு. இதில் உவமை எதையும் தேடாதே. நான் உவமை சொல்கிற ஆள் இல்லை. பின்னல் அப்படித்தான் வேலை செய்கிறது.

இதெல்லாம் தெரிந்த நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய் என்பதுதான் என்னை எழுந்து போகவைத்தது. தெரியாதவன் கேட்டால் அறியாமை. தெரிந்தவள் கேட்டால் அதற்கு வேறு பெயர்.

உனக்கு நினைவிருக்கும், உன் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதிமூன்று வயது. எனக்கு இருபத்தேழு. உன் அம்மா என்னைவிட ஆறு வயது மூத்தவள், கணவனை இழந்தவள், பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. பாளையங்கோட்டையில் எங்கள் சைவக் குடும்பங்களுக்கு ஒரு வருடத்துக்குப் போதுமான பேச்சு கிடைத்தது. படித்தவர்கள், அதிகாரிகள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், எல்லோரும் ரொம்ப நாகரிகமாகப் பேசினார்கள். நாகரிகமாகப் பேசினால் அசிங்கம் அசிங்கமில்லாமல் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை அவர்களுக்கு. நீ என்னிடம் பேசவே இல்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உன் அறைக்குப் போய்விடுவாய். அங்கே செல்போனில் ஏதோ ஒரு பெண் கொஞ்சுகிற குரலில் "அன்போடு பின்னுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நீ அன்போடு பின்னுவாய். தட்டையாக வரவேண்டிய வட்டம் கிண்ணம் மாதிரிக் குழிந்துபோகும். பிரிப்பாய், மறுபடி அன்போடு பின்னுவாய், மறுபடி கிண்ணம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் வாசலில் நின்றே சொன்னேன்: சுற்று ஒன்றுக்கு ஆறு கண்ணி கூட்டவேண்டும், நீ நாலுதான் கூட்டுகிறாய், வட்டம் பெரிதாகும்போது சுற்றளவும் அதே விகிதத்தில் கூடாவிட்டால் குழியத்தான் செய்யும், அன்பு எந்தக் கண்ணியையும் கூட்டாது. நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காத்தாடி மெக்கானிக்குக்கு நூலைப் பத்தி என்ன தெரியும்" என்றாய். நீ என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. நல்ல வாக்கியம். எனக்குப் பிடித்திருந்தது.

காற்றாலைப் பராமரிப்பு எஞ்சினியரைக் காத்தாடி மெக்கானிக் என்றால் கோபித்துக்கொள்ள நான் அந்தத் தலைமையாசிரியர்கள் கூட்டம் இல்லை. ஆனால் நூலைப் பற்றி என்ன தெரியும் என்றதை விடமுடியவில்லை. திசையன்விளைப் பக்கம் எங்கள் கொட்டகையில் காற்று தணிகிறவரை மேலே ஏறமுடியாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் நிறைய உண்டு. ஒரு ஊசியும் நூலும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கூட வேலை பார்த்த சாத்தான்குளத்துக்காரன் பார்த்துவிட்டு, "ஏலே, இஞ்சினியரு பொம்பளையாளு வேலை பாக்கான் பாத்தியா. வீட்ல சோறும் நீதான் பொங்குதியோவே?" என்றான். "ஆமா, நாந்தான் பொங்குதேன். பொங்கத் தெரியாதவன்தாம்லே அடுத்தவன் டிபன் டப்பாவ எட்டிப் பாப்பான்" என்றேன். அவன் தினமும் எட்டிப் பார்க்கிறவன். பிறகு கொஞ்ச நாளில் அவனே வந்து தன் மகளுக்கு ஒரு யானை பின்னித் தரச் சொன்னான். பின்னித் தரவில்லை. ஊசியைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டான். ஆண்பிள்ளைத்தனம் ஒரு ஊசிக்குக் கழன்று விழுந்துவிடும் அளவுக்கு அவனுக்கு இலேசாக ஒட்டியிருந்தது.

நான் பின்னிய முதல் பூனை உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. உன் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் அதன் காது ஒன்று பிய்ந்துபோய் என் தலையணைமேல் கிடந்தது. தனியாகத் தைத்த காது, தையல் சரியில்லை, நீ ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்திருக்கிறாய். சரியான சோதனை. அதற்கப்புறம்தான் காதிலிருந்தே தொடங்கினால் என்ன என்று இரண்டுபேரும் யோசித்தோம். அந்த வருடம் முழுவதும் நாம் பேசிக்கொண்டதெல்லாம் கண்ணி கூட்டுவதும் குறைப்பதும்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. இன்றைக்கும், அப்பா என்று நீ கூப்பிடவில்லையே என்று உருகிப்போய்க் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உன் அப்பா யார் என்பது கூடத்தில் படமாக மாட்டியிருக்கிறது. அதைத் துடைப்பவன் நான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. அதற்கு இரண்டு மாதம் முன்பு அந்தப் பையன் நம் வீட்டுக்கு வந்திருந்தான். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு, நீ பின்னி வைத்திருந்த பூனைகளைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தான். நான் அந்தப் பக்கம் மின்விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது: "நிச்சயத்துக்கு முந்திரிக்கொத்துத் தட்டு வைப்பீங்கல்ல, அதுமேல ஒண்ண உக்கார வையி. கையில ஒரு முந்திரிக்கொத்தக் குடுத்துரு. எங்கம்மா சிரிச்சிருவாங்க பாரு." நீ யோசித்தாய். பூனை வேண்டாமே, பெரியவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்றாய். அவன்தான் வற்புறுத்தினான். "நான் பாத்துக்குறேன்" என்றான். இந்த இரண்டு சொற்களை நம்பி இந்த நாட்டில் எத்தனை காரியங்கள் நாசமாகியிருக்கின்றன என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

நீ உயிரைக் கொடுத்துப் பின்னினாய். முந்திரிக்கொத்து என்றால் மூன்று உருண்டை, அவ்வளவுதானே என்று நான் சொன்னேன். இல்லை என்றாய். எண்ணெயில் போடும்போது மாவு படர்ந்து மூன்றையும் ஒட்டவைத்துக்கொண்டு ஓரத்தில் மெல்லிசாக நீட்டிக்கொண்டு நிற்குமே, அது இல்லாவிட்டால் வெறும் லட்டு என்றாய். பிறகு மெல்லிய நூலில் அந்த மொறுமொறு ஓரத்தை மட்டும் தனியாகப் பின்னிச் சுற்றிலும் வைத்தாய். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் கிடைக்காமல் திருநெல்வேலி டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினாய். அந்த ஓரத்தைப் பார்த்தபோது, உனக்கு இனி நான் சொல்லித்தர எதுவும் இல்லை என்று நினைத்தேன். அதை அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், வாங்கி வைத்துக்கொள்.

நிச்சயத்தன்று நம் கூடத்தில் பதினொரு தட்டு. அம்பாசமுத்திரத்திலிருந்து அவர்கள் வந்து இறங்கி, உட்கார்ந்து, தட்டு மாற்றுகிற நேரம். அவன் அம்மா குனிந்து பார்த்தாள். "ஏம்மா, இது பூனையா?" என்றாள். "நல்ல காரியத்துக்குப் பொறப்படும்போது பூனை குறுக்க வந்தாலே உக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் போவோம். இங்கன தட்டுலயே தூக்கி வச்சிருக்கியளே" என்றாள். நான் சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்லமுடியாது. "குறுக்க போனாத்தான மதினி சகுனத் தடை. இது உக்காந்துல்லா இருக்கு" என்றேன். எனக்கு அது நியாயமான சந்தேகமாகவே பட்டது. உன் அம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் நான் ஏதோ சாமி படத்தை மிதித்துவிட்ட மாதிரிப் பார்த்தார்கள். அந்தத் தட்டு வேண்டாம் என்று முடிவானது, உள்ளே போனது. உடனே அடுத்த ஆபத்து: தட்டு பத்தாகிவிட்டது. இரட்டைப்படை. பூனையைவிட மோசம். அடுப்படிக்கு ஓடி, கிடைத்த தட்டில் கற்கண்டைக் கொட்டி எடுத்துவந்து பதினொன்றாக்கினார்கள். உலகம் காப்பாற்றப்பட்டது. சுழலும் இறக்கையின் அதிர்வை அளந்து உள்ளே எந்தப் பேரிங் எப்போது உடையும் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு படிப்பும் ஒரு பெட்டி நிறையக் கருவிகளும் தேவைப்படுகின்றன. இவர்கள் ஒரு கைப்பிடி கற்கண்டில் முழு வாழ்க்கையையும் சரிசெய்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் எலிக்காக ஒரு உயிருள்ள பூனை வளர்க்கிறார்கள் என்பதை நாம் பெண்பார்த்த மறுவாரம் போனபோதே பார்த்தோம். அதற்கு அந்த அம்மாவே பால் ஊற்றினாள். அதன் சகுனம் வாசற்படிக்கு உள்ளே செல்லாது போலிருக்கிறது.

இதெல்லாம் சில்லறை. நான் எழுதுவது இதற்காக இல்லை. அந்த அம்மா பிறகு கேட்டாளே, "யாரு யோசனைம்மா இது?" என்று, அதற்காகத்தான். கேட்டுவிட்டு அவள் பொதுவாகத்தான் எல்லோரையும் பார்த்தாள். நான் அவனைப் பார்த்தேன். அவன் தன் கைக்கடிகாரத்தின் வாரைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு துளை தள்ளி மாட்டினான். பிடிக்கவில்லை, பழைய துளைக்கே மாற்றினான். அவ்வளவு நேரம் இருந்தது அவனுக்கு. நீதான் பொறுக்கவில்லை. "நான்தான் அத்தை. சும்மா வெளையாட்டுக்குச் செஞ்சேன்" என்றாய். உடனே அவள், "பரவால்ல, ஆம்பளத் தொணை இல்லாம வளந்த புள்ள. நல்லது கெட்டது சொல்லித்தர ஆளு வேணும்லா" என்றாள். பத்து வருடமாக இந்த வீட்டில் நடமாடுகிற நான் ஆறடி உயரம், கையில் சந்தனக் கிண்ணத்தோடு அவளுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தேன். அதுகூட எனக்குப் பெரிதில்லை. அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆனால் தான் நினைத்ததை உன் முகத்துக்கு நேரே சொன்னாள். தப்பான நம்பிக்கையை வெளிப்படையாக வைத்திருக்கிற ஆளோடு சண்டை போடலாம், சமாதானமும் ஆகலாம். கடிகார வாரோடு என்ன செய்வது?

நல்ல பையன் என்கிறார்கள் எல்லோரும். குடிக்கமாட்டான், அம்மா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான், நல்ல வேலை. எங்கள் சீமையில் நல்ல பையன் என்றால் வாயைத் திறக்காத பையன் என்று பொருள். அம்மாவுக்கு மரியாதை கொடுக்கிறான் என்கிறார்கள். அம்மாவிடம் ஒரு பூனைப் பொம்மையைப் பற்றிக்கூட உண்மை பேசாதவன் அவளுக்குக் கொடுப்பது மரியாதை இல்லை. பயம். பயத்தை மரியாதை என்று சொல்லிச் சொல்லியே இங்கே நாலு தலைமுறை ஆண்பிள்ளைகளை வளர்த்துவிட்டார்கள். இதில் என் மடத்தனமும் ஒன்று உண்டு. அவன் முதலில் வந்தபோது நான் வெளியே போய் அவன் பைக்கைப் பார்த்தேன். செயின் இழுவை சரியாக இருந்தது, எண்ணெய் போட்டு வைத்திருந்தான். தேறுவான் என்று உன் அம்மாவிடம் சொன்னது நான்தான். செயினுக்கு வாய் இல்லை, அதனால் யாரிடமும் எதையும் சொல்லவேண்டிய அவசியமும் அதற்கு இல்லை என்பதை யோசிக்கவில்லை.

அன்றைக்கு எல்லோரும் போனபிறகு உன் அம்மாவோடு சண்டை போட்டேன். நீ மாடியில் இருந்தாய். ஒரு பொம்மைக்காகவா என்று அவளும் முதலில் மற்றவர்களைப் போலத்தான் சொன்னாள். பிறகு பாத்திரம் துலக்கிக்கொண்டே நின்றவள், திரும்பாமல், "மொதல்ல ஒரு பொம்மை அளவுலதான் இருக்கும்" என்றாள். அதற்குமேல் அவள் சொன்னதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. எழுதட்டுமா என்று இன்றைக்கு அவளிடம் கேட்டேன். "எழுதுங்க, என் வாயால சொல்ல வராது" என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அவ அப்பா நல்லவருதான். என்னைய ஒரு வார்த்தை வஞ்சது கிடையாது. ஆனா அவுக அம்மை முன்னால வாயத் தொறக்க மாட்டாரு. எல்லாத்துக்கும் நானே பழியேத்துக்கிடுவேன். அவரு சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் நாந்தான் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லுவேன். அவரு பாவம்னு சொல்லிச் சொல்லியே அவுக வீட்ல நான் கெட்டவளாயிட்டேன். அவரு செத்த அன்னைக்கும் எல்லாரும் என்னையத்தான் பாத்தாவ. அன்னைக்கு எனக்காகப் பேச ஒருத்தரு இருந்திருந்தா அது அவராத்தான் இருந்திருக்கணும்." அவ்வளவுதான். இறந்தவரைப் பற்றி என் கருத்தை நான் எழுதமாட்டேன். அதற்கு எனக்கு உரிமையும் கிடையாது. உன் அம்மா கெட்டவளானது எப்படி என்று மட்டும் உனக்குத் தெரியவேண்டும். யாரும் கையோங்கவில்லை, யாரும் கத்தவில்லை. ஒரு நல்ல மனிதர் பேசாமல் இருந்த இடத்தையெல்லாம் அவள் தன் குரலால் நிரப்பினாள்.

நீயும் நிரப்புகிறவள்தான். பதிமூன்று வயதில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு மாமி உன்னிடம் என்னைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "இவரு யாருட்டி உனக்கு?" என்று கேட்டாள். உன் அம்மா ஊற்றிய சாம்பார் இலையைத் தாண்டிப் போனது. என்னோடு நீ ஒழுங்காகப் பேசத் தொடங்காத காலம் அது. நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "சித்தப்பா. ஏன், ஒங்களுக்கு யாரும் இல்லையா?" என்றாய். அந்த வாய்க்காக உன் அம்மா வீட்டுக்கு வந்து உன்னை வைதாள். நான் வையவில்லை. அன்றைக்கு நீ நிரப்பிய வார்த்தை உண்மை. நிச்சயத்தன்று நிரப்பியது பொய். அன்றைக்கு உன் அம்மாவைக் காப்பாற்றினாய். இப்போது காப்பாற்றியது யாரை? இருபத்தெட்டு வயதில், சொந்த அம்மாவிடம் ஒரு வாக்கியம் சொல்லத் துப்பில்லாத ஒருவனை.

கல்யாணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. உனக்கு அவனைப் பிடித்திருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஏன் என்று தெரியவில்லை, அது என் வேலையும் இல்லை. பொம்மைக்காகக் கல்யாணத்தை முறித்தாள் என்று ஊர் சிரிக்கும் என்று நீ பயப்படலாம். சிரிக்கட்டும். ஊர் சிரிப்பதற்கு நானும் உன் அம்மாவும் ஏற்கெனவே பத்து வருடம் தீனி போட்டிருக்கிறோம், அதனால் நாங்கள் இளைத்துப்போய்விடவில்லை. மண்டபத்துக்காரனிடம் நான் பேசிக்கொள்வேன், சொந்தக்காரர்களிடமும் நான் பேசிக்கொள்வேன். நீ யோசிக்கவேண்டியது ஒன்றைத்தான். நாளைக்கு உனக்குக் குழந்தை பிறப்பது தள்ளிப்போனால், நீ வேலைக்குப் போகவேண்டும் என்று இரண்டுபேரும் சேர்ந்து முடிவெடுத்தால், உன் அம்மாவை ஒரு மாதம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள நினைத்தால், யாரு யோசனைம்மா இது என்று அதே அம்மா அதே குரலில் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அவன் கடிகாரத்தைப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் நீ, நான்தான் அத்தை என்பாய்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தப் புடவையைப் பார்க்க அவர்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவனும் சென்னையிலிருந்து வருகிறான். கத்தரிக்கோலைத் தையல் பெட்டியில் போடு. பூனையை எடுத்துக்கொள். அந்த அம்மா முன்னால் வை, மரியாதையாக வை, அவளோடு உனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவளிடம் ஒன்றே ஒன்று சொல்: "இத யாரு கேட்டுச் செஞ்சேன்னு ஒங்க மகன்கிட்ட கேளுங்க அத்தை." அதோடு வாயை மூடிக்கொள். அவன் முகம் சிவக்கும். உன்னைப் பார்ப்பான், எப்படியாவது காப்பாற்று என்று பார்ப்பான், உனக்குப் பாவமாக இருக்கும். பேசாதே. அவன் அம்மா ஏதாவது சொல்வாள். பேசாதே. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவளும் பேசமாட்டாள், சத்தியம் வாங்கியிருக்கிறேன். உங்கள் இரண்டுபேருக்கும் இதைவிடக் கஷ்டமான வேலையை நான் கொடுத்ததில்லை. அவன் தொண்டையைச் செருமி, தடுமாறி, அரைகுறையாக, "நாந்தாம்மா கேட்டேன்" என்றால் போதும், அதை முழு வாக்கியமாகவே கணக்கில் எடுத்துக்கொள். பிறகு அவர்கள் வீட்டுக்கு முயல், யானை, மயில் எது வேண்டுமானாலும் புதிதாகப் பின்னிக் கொடு, நானும் உட்கார்ந்து பின்னித் தருகிறேன். அவன் சொல்லவில்லை என்றால், புடவை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வா.

நான் உள்ளே வரமாட்டேன். வந்தால் நான் பேசிவிடுவேன், அப்புறம் அவனுக்குப் பதிலாகப் பேசுகிற மூன்றாவது ஆளாகிவிடுவேன். தெருவில் வண்டியில் இருப்பேன். ஒரு பேரிங்கைக் கழற்ற உதவியாள் ஐந்து நிமிடம் அதிகம் எடுத்தால் ஸ்பானரைப் பிடுங்கிக்கொள்கிறவன் நான். அன்றைக்கு நான் ஹாரனை அடிக்கமாட்டேன். எவ்வளவு நேரமானாலும் அடிக்கமாட்டேன். அவன் பேசுகிறானா இல்லையா என்பதை நீ உன் காதால் கேட்டுவிட்டு வா.